ஒன்றரை லிட்டர்

ஜெர்மிஸ்டனில் கார் கழுவுகிறேன்.
நாளைக்குப் பதினெட்டு வண்டி,
சம்பள வாரத்தில் முப்பது.
எனக்கென்று ஒரு பழைய கொரோலா வாங்கிய வருஷம்
செப்டம்பர் விடுமுறைக்கு மானாலேடி சொன்னாள்:
அந்த ஏரியைப் பார்க்கணும்.
(மகள் நாலேடி பிறந்ததும்
எங்கள் ஊர் வழக்கப்படி பெயர் மாறியவள்.)
நான் பிறந்த நாடுதான்.
அந்தப் பக்கம் போனதே இல்லை.

மபுட்சோ பாலத்தில் மூன்று மணி நேர வரிசை.
முத்திரை குத்துகிறவர் என் முகத்தையும் படத்தையும்
மாறி மாறிப் பார்த்தார்,
இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பதுபோல.
பின்சீட்டில் கோழி வறுவல் ஆறிப்போனது.

பிட்செங் தாண்டியதும் சாலை
தன் வாலைத் தானே தேடத் தொடங்கியது.
கீழே பீச் மரங்கள்
இலை வருவதற்குள் பூத்துவிட்டிருந்தன,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.
மேலே, வெயில் எட்டாத வளைவுகளில்
போன வாரத்துப் பனி.
முதல் கியர். இரண்டு. மறுபடி முதல்.
கோதுமை மூட்டை சுமந்த கழுதை ஒன்று
எங்களை முந்திப் போனது,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது
அது தெரிந்தது.

நாலேடி கூடப் பேசவில்லை.
மலைகளின் ஒவ்வொரு விரலிடுக்கிலும் புகுந்து
அசையாமல் நின்றது தண்ணீர்.
கரை என்று ஒன்று இல்லை.
சரிவு அப்படியே உள்ளே இறங்கிப் போயிற்று.
நீர் வற்றிய உயரம் மட்டும்
சுற்றிலும் வெளிறிய ஒரு கோடு:
கழுவிவிட்டுத் துடைக்க மறந்த வண்டியில் இருக்குமே,
முதலாளி விரலால் தடவிக் காட்டுவாரே,
அது.

அடுத்த ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது.
பானெட் ஓரமெல்லாம் ஆவி.
பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு நின்றேன்,
பத்து வருஷமாய் வண்டிகளின்
வெளிப்புறம் மட்டுமே தெரிந்தவன்.
"தண்ணீர் ஊத்தணும்," என்றாள் மானாலேடி.
குடிக்க வைத்திருந்ததையெல்லாம்
நாலேடி பொம்மைக்குக் குளிக்க ஊற்றியிருந்தாள்.
காலுக்குக் கீழே
கண் போகிற தூரமெல்லாம் தண்ணீர்.

போர்வையும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பையன் வந்தான்,
பின்னால் நாய், அதற்கும் பின்னால் ஆடுகள்.
கையில் ஒன்றரை லிட்டர் கோலா பாட்டில்,
உள்ளே தெளிந்த நீர்.
இருபது மலோட்டி, என்றான்.

"கீழே இவ்வளவு கிடக்கே?"
"இறங்கினா ஏற ஒரு மணி நேரம்.
இது ஊத்துத் தண்ணி. அந்தப் பாறைக்குப் பின்னாடி."
"ஊர்ல குழாய் இல்லையா?"
"குழாய் இருக்கு," என்றான்.

இருபது கொடுத்தேன். பேரம் பேசவில்லை.
எஞ்சின் ஆறும்வரை
ஆறிய கோழியை அவனும் தின்றான்.
பெயர் லெபொனா.
நாய்க்குப் பெயர் வைக்கவில்லையாம்,
கூப்பிடாமலே வருகிறதாம்.

அணையின் மேல் காவலாளி
நடுத்தண்ணீரில் நிற்கும் கோபுரத்தைக் காட்டினார்.
அதன் வழியாக உள்ளே போகிறது,
மலைக்கு அடியில் சுரங்கம்,
அப்புறம் எல்லை,
அப்புறம் உங்க ஜோபர்க்.
மானாலேடி சிரித்துவிட்டாள்:
"அதுக்கு யார் முத்திரை குத்துறாங்க?"
அவரும் சிரித்தார். நான்தான்
தாமதமாகச் சிரித்தேன்.

திரும்பும் வழியெல்லாம் புழுதி.
பின்கண்ணாடியில் நாலேடி விரலால்
ஒரு நாய் வரைந்திருந்தாள், காது மட்டும் பெரிதாக.

செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்
என் வண்டியை வளையத்துக்குள் நிறுத்தினேன்.
ஹோஸை எடுத்தேன், குழாயைத் திருகினேன்.
முதலில் காற்று இருமியது.
பிறகு வந்தது,
சில்லென்று, ஏராளமாய்.

நாயைச் சுற்றிக் கழுவினேன்.